நான்கு பேருக்கு ஒரு மேசை

நிலம் ஆடினால் மேசைக்கு அடியில் ஒளிய வேண்டும் என்கிறது பாடப்புத்தகம். தரையில் உட்கார்ந்து படிக்கும் எங்கள் பள்ளியில் இருப்பது தலைமையாசிரியரின் ஒரே மேசை. ஒத்திகையைப் படமெடுக்க வந்த அதிகாரி டீ கிளாஸை அதன்மேல் வைத்தார்.

"நாலு பிள்ளைங்கள உள்ள விடும்மா, போதும்."

"மத்த இருபத்தேழு பேரு, சார்?"

"அவங்க ஃபோட்டோல வரமாட்டாங்க."

நானும் தரையில் உட்கார்ந்து படித்தவள்தான். இருந்தும் நான்கு பேரை அனுப்பினேன். உள்ளே போன பவளக்கொடி தலையை நீட்டினாள்.

"டீச்சர், நெசமா ஆடுனாலும் நாங்க நாலு பேருதானா?"

அவள் தன் தங்கச்சியை உள்ளே இழுத்தாள். பிறகு எல்லாரும் முண்டியடித்து நுழைந்தார்கள். மேசையின் கால்கள் தரையைவிட்டு எழும்பின.

"ஏம்மா, கிளாஸைப் பிடி!"

கிளாஸ் விளிம்பை நோக்கி நகர்ந்தது. நான் கைகளைக் கட்டிக்கொண்டேன்.