கண்ணடிக்கும் ஹெட்லைட்

பெயர்ப்பலகையில் ‘வாகன மின்னியல் நிபுணர்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும், தெருவே அந்த மெக்கானிக்கை ‘சி.ஐ.டி.’ என்றுதான் கூப்பிட்டது. எல்லாம் போன மாதம் நடந்த கூத்தால் வந்த பட்டம். ஹாரன் அடிக்கவில்லை என்று ஒருவன் கொண்டுவந்த காரைச் சரிசெய்து, கண்ணாடியையும் துடைத்துக் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார். அது திருட்டுக் கார்.

“இன்னொரு தடவை இந்தப் பட்டறையிலேருந்து திருட்டு வண்டி வெளியே போகட்டும், ஷட்டரை இழுத்துப் பூட்டிட்டுப் போயிடுவேன்” என்று இன்ஸ்பெக்டர் எச்சரித்தார்.

அன்றிலிருந்து வருகிறவரெல்லாம் மெக்கானிக் கண்ணுக்குத் திருடராகவே தெரிந்தார்கள். சொந்த மைத்துனரிடமே “வண்டி உன்னோடதுதானே?” என்று கேட்டுவைக்க, வீட்டில் மனைவி முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அப்படிப்பட்டவரிடம் வந்து சிக்கினார் அந்த நெட்டை மனிதர்.

“ஹெட்லைட் விட்டு விட்டு எரியுதுங்க. எதிர்ல வர்றவங்க எல்லாம் நான் கண்ணடிக்கிறேன்னு நினைச்சுத் திட்டிட்டுப் போறாங்க.”

“லைட்டைப் போடுங்க, பார்ப்போம்.”

பின்சுவரைப் பார்த்து நின்ற காருக்குள் நெட்டையர் எதையோ திருகினார். வைப்பர் ஆடியது. வேறெதையோ தட்டினார். ஹாரன் அலறியது. ஒருவழியாக விளக்கு எரிந்து, சுவரில் இரண்டு வெளிச்ச வட்டங்கள் குளிரில் நிற்பவை போல நடுங்கின.

“பானெட்டைத் திறங்க.”

டிக்கி திறந்துகொண்டது.

மெக்கானிக்கின் புருவம் ஏறியது. ஆள் ஆறடி உயரம். சீட்டோ முன்னால் ஒட்டிக் கிடந்தது. முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன.

“பேட்டரி எப்ப மாத்தினது?”

“அது... வீட்ல கேட்டாத்தான் தெரியும்.”

‘மாட்டினான்!’ என்று மெக்கானிக்கின் உள்ளம் துள்ளியது. பானெட்டைத் தானே தூக்கி நிறுத்தி, அதன் மறைவில் குனிந்து போனை எடுத்தார்.

“சார், ஒருத்தனை அமுக்கிட்டேன். சத்தமில்லாம வந்துடுங்க.”

கோளாறைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஒரு விளக்கு மட்டும் மினுக்கினால் அதன் பல்பைச் சந்தேகிக்கலாம். இரண்டும் சேர்ந்து மினுக்கினால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் தகராறு. பேட்டரி முனைகள் இறுக்கமாகவே இருந்தன. எர்த் ஒயரைத் தொட்டு ஆட்டினார். சுவரில் வட்டங்கள் குதித்தன. ஒயரைப் பிடித்திருந்த போல்ட் துருவேறித் தளர்ந்திருந்தது. சுத்தமாகத் தேய்த்து முறுக்கினால் தீர்ந்தது.

ஆனால் வேலை தீர்ந்தால் திருடன் கிளம்பிவிடுவானே!

“சிக்கலான கேஸ். ஒருத்தர் உள்ளே உக்காந்து என்ஜினை உறுமவிட்டாத்தான் எங்க கோளாறுன்னு பிடிபடும்” என்றார் மெக்கானிக் கனத்த குரலில்.

“நான் உக்காரட்டுமா?”

“வேணாம், வேணாம். நீங்க இறங்கி இப்படிச் சுவரோரம் நில்லுங்க.”

நெட்டையர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தால் அப்படியே கம்பி நீட்டிவிட மாட்டாரா? மெக்கானிக் வாசலை எட்டிப் பார்த்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ, தங்க ஃப்ரேம் கண்ணாடியுடன் ஒருவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தாலே எழுந்து நிற்கத் தோன்றும் தோற்றம்.

மெக்கானிக் அவரை ஓரமாக அழைத்துக் கிசுகிசுத்தார். “சார், ஒரு பொதுக் காரியம். அந்த ஆள் கார் திருடன். போலீஸ் வந்துட்டிருக்கு. அதுவரைக்கும் நீங்க டிரைவர் சீட்ல உக்காந்துக்கணும். யார் கேட்டாலும் சாவியை மட்டும் குடுத்துடாதீங்க.”

“அடப்பாவமே! இப்படியும் ஆளுங்க இருக்காங்களா?” என்று பதறினார் கண்ணாடிக்காரர். “நீங்க கவலையை விடுங்க. சாவி என் பொறுப்பு.”

ஏறி உட்கார்ந்ததும் சீட்டைத் தனக்குத் தோதாகப் பின்னால் தள்ளினார், பக்கக் கண்ணாடியைத் திருத்தினார். அவர் மிதித்ததில் என்ஜின் அளவாக, அழகாக உறுமியது. ‘பெரிய மனுஷங்க எதைச் செஞ்சாலும் ஒரு நறுவிசு இருக்கு’ என்று மெக்கானிக் மெச்சிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைவதைப் பார்த்த பிறகே போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினார். வட்டங்கள் நடுக்கம் விட்டு நிலைத்தன. பானெட்டை அறைந்து சாத்தி, சுவரோரம் நின்றவரைக் கைகாட்டினார்.

“இதோ சார், உங்க ஆளு!”

“நானா?” நெட்டையருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சார், வண்டி என் பெண்டாட்டியோடது! அவதான் தினம் ஓட்டுவா!”

“அப்ப சீட்டைத் தள்ளிப் போடாம முழங்காலை ஏன்யா இடிச்சுக்கிட்டே?” என்று மடக்கினார் மெக்கானிக்.

“தள்ளினா, திரும்ப அதே இடத்துல வைக்கத் தெரியாதுய்யா. வீட்ல பேச்சு வாங்கறது நீயா, நானா?”

இன்ஸ்பெக்டர் அவரிடம் எண் வாங்கி, வீட்டுக்குப் போன் போட்டார். எதிர்முனைக் குரல் சுவரில் மோதித் திரும்பியது. “போலீஸா? எங்கே கொண்டுபோய் இடிச்சார்? சீட்டை நகர்த்தினாரா? முதல்ல அதைக் கேட்டுச் சொல்லுங்க!”

இன்ஸ்பெக்டர் போனை அணைத்துவிட்டு நெட்டையரின் தோளைப் பரிவோடு தட்டி, மெக்கானிக்கை முறைத்தார்.

“திருடனுக்கு இப்படித் திட்டு விழாதுய்யா. இவர் புருஷனேதான். மரியாதையா சாவியை அவர்கிட்ட குடு.”

மெக்கானிக் அசடு வழிந்தபடி காரின் பக்கம் திரும்பினார். “சார், சாவியைக் குடுத்துடுங்க. இவர் நல்லவர்தானாம்...”

பட்டறை வாசல் வழியாகப் பின்னோக்கி வழுக்கிப் போய்க்கொண்டிருந்த காரின் ஹெட்லைட்டுகள் மூவர் முகத்திலும் பளீரென்று அடித்தன. ஒரு தடவைகூடக் கண்ணடிக்கவில்லை.