முடிவுத் தேதி

செவ்வாய், ஜூன் 14. பயிற்சித் தாளில் முடிவுத் தேதிக் கட்டத்தை இன்றும் நிரப்பாமல் கொடுத்துவிட்டேன். என் தவறுதான்.

வகுப்பு தொடங்கும் முன்பே நாட்குறிப்பில் இதை எழுதி வைத்துவிட்டாள். தப்பு எப்படியும் நடக்கத்தான் போகிறது, ஒழுங்காக எழுதியாவது வைப்போம் என்கிற சுபாவம் அவளுக்கு.

"படகுப் பிரிவு! எழுந்திரிங்க. முடிவுத் தேதி எங்கே?"

மீட்பு வேலையில் இருப்பவர்களுக்குத் திட்டமிடக் கற்றுத்தரும் மாலை வகுப்பு அது. பாடம் நடத்தும் சாருக்கு யாரையும் பெயரால் தெரியாது. இவள் படகுப் பிரிவு. பக்கத்து பெஞ்சில் தொப்பையோடு தீயணைப்பு. பின்னால் ஆம்புலன்ஸ் அக்கா.

"தேடுதல் வேலை சார். ஆள் கெடைக்கற அன்னிக்குத்தானே முடியும்?"

"அப்ப அதுக்குப் பேரு திட்டம் இல்லம்மா, வேண்டுதல்."

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை.

"ஆள் இருக்கு, படகு இருக்கு, டீசல் இருக்கு. முடிவு மட்டும் இல்ல. முடியாத வேலை அடுத்த வேலையத் தின்னுடும். நாளைக்கே இன்னொரு வெள்ளம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

இதையேதான் அவளுடைய மேலதிகாரியும் சொல்லியிருந்தார். 'நம்மகிட்ட உருப்படியா இருக்கறது ஒரே படகு. அது இன்னும் வெள்ளத்துல போன அந்தப் பையனையே தேடிக்கிட்டிருக்கு. நீ அந்த வகுப்புல போய்ச் சேரு. முடிச்சுட்டு வா.'

மேசைமேல் சாரின் போன் மினுங்கியது. மற்றவர்கள் போனை அணைத்துவிட வேண்டும். அவருக்கு மட்டும் விலக்கு. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். ஏதோ விளம்பரம் போலிருக்கிறது, மறுபடி வைத்தார்.

"வீட்டுல மேலிடம் ரொம்பக் கண்டிப்பு போல" என்று தீயணைப்பு முணுமுணுத்தார்.

"சரி, ஏன் முடிக்க முடியல? காரணத்தச் சொல்லுங்க."

அவள் சொல்ல நினைக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது. "வீட்டுக்காரங்க கையெழுத்து வேணும் சார். பையனோட அப்பா போட மாட்டேங்கறார். ஆபீசுக்குக் கூப்பிட்டா வர்றதில்ல. வீட்டுக்குப் போனா சாயங்காலத்துல இருக்கறதே இல்ல."

சாக்பீஸைத் தட்டில் வைத்துவிட்டு சார் கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எப்படிப் பேசணும்னு நடிச்சே காட்டிடலாமே சார்!" என்றாள் ஆம்புலன்ஸ் அக்கா. "நீங்க அப்பா. இவ அதிகாரி."

"வேண்டாம் அக்கா."

"அட, வெக்கப்படாத. போ!"

இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே இழுத்துப் போட்டுவிட்டார் தீயணைப்பு. சார் போய் உட்கார்ந்தார்.

கெட்ட சேதியை நின்றுகொண்டு சொல்லாதே, தண்ணீர் வை, சுற்றி வளைக்காதே. போன வாரப் பாடம். அவள் தண்ணீர் பாட்டிலை வைத்தாள். உட்கார்ந்தாள்.

"ஐயா, தேடறத நிறுத்தப் போறோம்."

"வடக்கு வளைவுல பாத்தீங்களா? தண்ணி வத்தினா அங்க மணல்மேடு தெரியும்."

"பாத்தோம்யா."

"நாணல் புதர்ல?"

"அங்கயும்."

"நல்லா நீந்துவான். ஒரு பொம்பளையக் கரையேத்திட்டு, அவ கைக்கொழந்தைக்காக மறுபடி எறங்கினவன். எங்கயாவது ஒதுங்கியிருக்க மாட்டானா?"

"ஒதுங்கியிருந்தா வீட்டுக்கு வந்திருப்பாங்கய்யா."

தீயணைப்பின் வாய் திறந்தபடி இருந்தது.

"நிறுத்திட்டா..." சார் பாட்டிலின் மூடியைத் திருகினார். திறக்கவில்லை. "நாளைலேருந்து நான் யாருக்குப் போன் பண்ணிக் கேக்கறது?"

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"எனக்குப் பண்ணுங்கய்யா."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. "சார், நீங்க நடிக்கப் போயிருக்கணும்!" என்று தீயணைப்பு கண்ணைத் துடைத்தார்.

ஆம்புலன்ஸ் அக்கா விடவில்லை. "இவ கடைசியாச் சொன்னது தப்புதானே சார்? பொய் நம்பிக்கை குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தப்பில்ல" என்றார் சார். "வகுப்பு முடிஞ்சுது. கெளம்புங்க."

எல்லோரும் போனபின் அவள் மட்டும் நின்றாள்.

"தப்பு பண்ணிட்டேன் சார். தனியாத்தான் பேசியிருக்கணும்."

"உங்க தாளக் குடுங்க."

அவள் மேசைமேல் இருந்த தன் பயிற்சித் தாளை எடுத்து நீட்டினாள்.

"இது இல்லம்மா. பையில வச்சுக்கிட்டு மாசக்கணக்கா எடுக்காம இருக்கீங்களே, அது."

அவள் தேடுதல் படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். மடிப்புகள் நைந்திருந்தன. சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முடிவுத் தேதிக் கட்டத்தில் மறுநாள் தேதியை எழுதினார். மேலே இருந்த பெயரை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, 'காணாமல் போனவரின் தந்தை' என்று அச்சிட்டிருந்த இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

புதன், ஜூன் 15. வேலை: விடிந்ததும் படகு. வடக்கு வளைவு, நாணல் புதர், கடைசியாக இன்னொரு முறை. உடன் வருபவர்: சார்.