வெளியே காயப்போட்ட விரிப்பு

உபர்லிண்டா இன்று படுக்கை விரிப்பை வாசலில் காயப்போடுகிறாள். எங்கள் தெருவில் முப்பது வருஷமாக யாரும் செய்யாத காரியம் அது. அனல் மின்நிலையத்துச் சாம்பலுக்குப் பயந்து வீட்டுக்குள்தான் துணி உலர்த்துவோம். போன வாரத்தோடு அதன் புகைபோக்கி ஓய்ந்துவிட்டது. பூமி சூடாகிறது, நிலக்கரியை நிறுத்துகிறோம், வேறு வேலை தருகிறோம் என்றார்கள் தலைநகரிலிருந்து வந்தவர்கள். அதை நம்பி, நிலையத்தை மூடத் தொழிற்சங்கத்தின் சார்பில் கையெழுத்துப் போட்டவர் அவள் புருஷன் நொல்பெர்த்தோ. இருந்த வேலை போய்விட்டது. வரும் வேலை காகிதத்தில் இருக்கிறது. கடற்காற்றில் விரிப்பு உப்பி உப்பி அடங்குகிறது. அட்டகாமா பாலைவனத்து வெயில் அதில் பட்டுக் கண் கூசுகிறது. பழக்கதோஷத்தில் அவள் விரலால் தேய்த்துப் பார்க்கிறாள். கறுப்பு ஒட்டவில்லை. எதிரே, வீட்டைக் காலிசெய்து லாரியில் மெத்தையைக் கட்டிக்கொண்டிருக்கும் கிராசியேலா, கயிற்றை விடாமல் சிரிக்கிறாள்.

"பளிச்சுன்னு இருக்கே! என்ன சோப்புடி? எங்க புருஷனுங்க வேலையப் போட்டு வெளுத்தியா?"

"காத்து சுத்தமாயிடுச்சு, கிராசியேலா. உன் மகளுக்கும் இழுப்பு குறையும்ல..."

"குறையும், குறையும். அந்தக் காத்தையே மூணு வேளையும் திங்கச் சொல்றேன். உன் வீட்டுத் தோழர்கிட்ட சொல்லு, ரொம்ப நன்றின்னு."

ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்த நொல்பெர்த்தோவின் நிழல் விலகுகிறது. உபர்லிண்டா கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறாள். ஈரம் சொட்டும் விரிப்பை மார்போடு அள்ளிக்கொண்டு உள்ளே போகிறாள். கதவைச் சாத்துகிறாள். பிறகு ஜன்னலையும் சாத்துகிறாள், சாம்பல் பறந்த நாட்களில் செய்ததைப் போலவே.