எந்தத் தெரு, எந்த வீடு?

குழந்தை வீறிட்டு அழும் சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், மூச்சு விடாமல் ஏதேதோ சொன்னது. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டருக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

“எந்தத் தெரு? எந்த வீடும்மா?” என்று நிறுத்தி நிதானமாகக் கேட்டார். பதிலுக்கு அழுகைதான் வந்தது.

அவருடைய சொந்த செல்போன் மேஜை இழுப்பறையில் கிடந்தது. பணி நேரத்தில் தொடக் கூடாது என்பது விதி. சற்று முன்புதான் அது இரண்டு தடவை அதிர்ந்து அடங்கியிருந்தது. வரும்போது ஏதாவது வாங்கி வரச் சொல்ல மனைவி கூப்பிட்டிருப்பாள் என்று விட்டுவிட்டார்.

திரையில் அழைப்பு வந்த செல்போன் டவர் மட்டும் தெரிந்தது. அவர் குடியிருக்கும் பக்கம்தான். பத்து வருஷத்துக்கு முன்பு வெறும் பொட்டல். இன்று நாலாயிரம் வீடு, பதினான்கு மொழி. எதிர்ப்படும் யாரிடமும், தன் வீட்டு மாடிக்குக் குடிவந்தவர்களிடமும்கூட, அவர் தலையாட்டுவதோடு சரி.

“குழந்தைக்கு வலிப்பா இருக்கும்,” என்றார் பக்கத்து இருக்கைக்காரர், நேரில் பார்த்தவர் மாதிரி. வண்டியை அனுப்பியாயிற்று. ஓட்டுநர் முச்சந்தியில் நின்றுகொண்டு, இடமா வலமா என்று வயர்லெஸ்ஸில் குடைந்துகொண்டிருந்தார்.

ஆபரேட்டர் சுவரில் ஒட்டியிருந்த மொழிபெயர்ப்பாளர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராக இணைப்பில் கொண்டுவந்தார். முதல் ஆள், இது எங்கள் மொழியில்லை என்றார். அடுத்த இரண்டு பேரும் அதையேதான் சொன்னார்கள்.

பதினோரு நிமிஷம் போயிற்று. இருபது வருஷ சர்வீஸில் இப்படிக் கையைக் கட்டிப்போட்டதுபோல் அவர் உட்கார்ந்ததில்லை. யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்துக்கொண்டே அடுத்த எண்ணை அழுத்தினார்.

பட்டியலில் நாலாவதாக இருந்த தையற்காரப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. இருவரும் படபடவென்று பேசிக்கொண்டார்கள்.

“குழந்தைக்கு ஒண்ணுமில்ல சார், பயந்து அழுவுது. கீழ்வீட்டு அக்காதான் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டாங்களாம். இன்னும் கண்ணு திறக்கலையாம்.”

“அட்ரஸ் கேளுங்கம்மா. முதல்ல அட்ரஸ்.”

மறுபடி பேச்சு. பிறகு தையற்காரப் பெண் சொன்னாள்:

“அட்ரஸ் சொல்லத் தெரியலையாம் சார். அந்த அக்கா வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் ஆபீஸ்லதான் போன் எடுக்குறாராம், அவரைக் கேளுங்கன்றாங்க.”