அட்டையில் அண்ணன் தம்பி

கடைக் கண்ணாடியில் சாரல் பொடிப்பொடியாக அப்பிக்கொண்டிருக்கிறது. தென்காசி டிசைன் கடையின் கம்ப்யூட்டர் திரையில், இசைப் பத்திரிகையின் அடுத்த இதழ் அட்டை. கறுப்புப் பின்னணியில் நாகசுரத்தோடு அண்ணன் சுடலைக்கண்ணுவும் தம்பி குற்றாலிங்கமும். அண்ணன் நாற்காலியை அட்டையை வடிவமைக்கும் ஃபாயிஸாவின் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மவுஸ் பிடித்த அவள் விரலையே பார்க்கிறார். தம்பி அவருக்குப் பின்னால் நிற்கிறார். ‘டிக்’கென்று ஒரு சத்தம். அட்டையிலிருந்து அண்ணன் மறைகிறார். “எதுக்கும்மா என்னைய எடுத்த? இவன் ஏதும் போன் பண்ணிச் சொன்னானா?” “கலர் பாக்கதுக்கு அண்ணாச்சி. இந்தா, வந்துட்டியள்லா.” மறுபடியும் டிக். “நான் ஏண்ணே சொல்லுதேன்,” என்கிறார் தம்பி. அண்ணன் திரும்பவில்லை. “அப்பம் அவனையும் ஒருவாட்டி எடுத்துக் காட்டும்மா.”

டிக். தம்பி போய்விடுகிறார். பத்திரிகையின் பெயருக்குக் கீழே, ஜவ்வாதுப் பொட்டும் தங்கச் சங்கிலியுமாக அண்ணன் மட்டும் மினுங்குகிறார். ஃபாயிஸாவின் விரல் மறுபடி மவுஸை அழுத்தப் போகிறது. “இருக்கட்டும்மா,” என்கிறார் அண்ணன். “கொஞ்ச நேரம் அப்படியே கெடக்கட்டும்.” படத்தில் தம்பி நின்ற இடம் இப்போது வெறும் கறுப்பு. அந்தக் கறுப்பில், பின்னால் நிற்கும் தம்பியின் முகம் கண்ணாடியில் போல மங்கலாகத் தெரிந்து, அண்ணனையே பார்த்துக்கொண்டிருக்கிறது.