நாற்பதாவது பேப்பர்

"ஒரே ஒரு பேப்பர்தானே சார்?"

"ஆமாம்மா. பட்டத்துக்கு நாற்பது பேப்பர். நீங்க முடிச்சிருக்கறது முப்பத்தொன்பது," என்றார் ஆங்கிலத் துறைத்தலைவர்.

எதிரே நின்றவள் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். பகலில் டவுன் பஸ், மாலையில் ஆங்கில இலக்கியம் என்று ஆறு வருஷம் ஓட்டியவள்.

ஆங்கிலம் படிப்பவர்கள் வரலாற்றிலும் ஒரு பேப்பர் தேறியாக வேண்டும். அது விதி. அந்த வகுப்பு எப்போதும் காலையில்தான் நடக்கும். காலையில் அவளுக்கு ஷிப்ட். இந்தத் தடவைதான் மாலை வகுப்பு அறிவித்திருந்தார்கள். பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் சேரலாம். ஆனால், ஐந்து பேராவது சேர்ந்தால்தான் வகுப்பு நடக்கும்.

சேர்ந்தது நாலு பேர். அதிலும் இரண்டு பேர் அவள் கையைக் காலைப் பிடித்து இழுத்து வந்த டிப்போ கண்டக்டர்கள்.

"சேர இன்னிக்குத்தான் கடைசி நாள் சார். ஆசிரியர் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைச்சிருக்கு. ஜூன்ல பட்டத்தைக் காட்டலைன்னா போயிடும். அடுத்த வருஷம் வயசு தாண்டிடும்."

"புரியுது."

"நாலு பேர் போதும்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. இல்ல, எனக்கு மட்டும் அந்தப் பேப்பர் வேண்டாம்னு எழுதிக் குடுங்க."

"நாலு அஞ்சாகாதும்மா. உங்களுக்கு வேண்டாம்னு எழுதினா, இதுவரைக்கும் கஷ்டப்பட்டுப் படிச்சவங்க எல்லாம் இளிச்சவாயங்களா?"

"உங்களுக்கு மனசே இல்லையா சார்?"

"அப்ளிகேஷன்ல அதுக்குக் கட்டம் இல்ல."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு மணிக்கு ஆபீஸைப் பூட்டிடுவாங்க. நீங்க கிளம்புங்க."

கிளம்பினாள்.

வீட்டில் கணவன் இரவு ஷிப்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"கல்லுல நார் உரிக்கப் பார்த்தியா?"

"ஆறு வருஷமா அந்த ஆளு ஈரம், இரக்கம்னு கதை கதையா நடத்தினார். படிச்சுட்டு நாங்க அழுதிருக்கோம். அவருக்கு மட்டும் ஒண்ணும் ஒட்டல."

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தை நாலாக மடித்து, பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

மறுநாள் மதியம் டிப்போவில் வண்டியை நிறுத்தும்போது போன் வந்தது. கல்லூரி ஆபீஸ் கிளார்க்.

"அம்மா, வரலாறு வகுப்பு நடக்குது. திங்கள் சாயங்காலம் ஆறு மணி. வந்துடுங்க."

"நாலு பேர்தானே இருந்தோம்?"

"நேத்து பூட்டுற நேரத்துல ஒருத்தர் பணம் கட்டினாங்க. ரசீது போட்டது சூப்பிரண்டெண்ட் மேடம், யாருன்னு நான் பார்க்கல."

யாராயிருந்தாலும் நல்லாயிருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கே வகுப்பில் இருந்தாள். கண்டக்டர்கள் இருவரும் வந்தார்கள். அவளோடு படிக்கும் மருந்துக்கடைப் பெண்ணும் வந்தாள். ஆறு மணிக்கு வரலாற்று ஆசிரியை உள்ளே வந்து, தலைகளை எண்ணிப் பார்த்தார்.

"முதல் நாள் அஞ்சு பேரும் இருந்தாகணும். பத்து நிமிஷம் பார்ப்போம்."

ஆறு ஐந்து. ஆறு ஏழு. யாரையும் காணோம்.

ஆறு எட்டுக்குக் கதவு திறந்தது. வந்து நின்றவர் துறைத்தலைவர்.

எண்ணிப் பார்த்து வகுப்பை மூட நேரிலேயே வந்துவிட்டாரே!

"சார், இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. அவங்க வந்துடுவாங்க," என்று எழுந்து நின்றாள்.

அவர் அவளைத் தாண்டிப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்து விரித்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். முதல் நாளே லேட்டாயிடுச்சு."