மவுஸின் இடப்பக்கம்

ஞானப்பிரகாசத்தின் பழைய கணினியில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றிவிட்டு, கடையிலிருந்து வந்திருந்த பெண் சொன்னாள்: "மவுஸ்ல வலது, இடது மாறிக் கெடந்துச்சு சார். சரி பண்ணிட்டேன்."

"பழையபடியே வச்சிரும்மா."

"உங்களுக்கு இடது கைப் பழக்கமா?"

"எனக்கில்ல, வீட்டுக்காரிக்கு. நான் தெனமும் தப்பாத்தான் அழுத்துவேன்."

"அப்ப அவங்களக் கூப்பிடுங்க, கேட்டுக்கிறேன்."

"போன தவக்காலத்துல தவறிட்டா."

அவள் பொத்தான்களை மறுபடி மாற்றினாள். பிறகு மவுஸை எடுத்து விசைப்பலகைக்கு இடப்பக்கம் வைத்தாள். வயர் எட்டவில்லை. மேசையை நகர்த்தி, பின்னால் கையை விட்டு இழுத்துக் கொடுத்தாள்.

வாசலில் அவர் கேட்டார்: "உன் பேரென்னம்மா?"

"ரஹ்மத் சார்."

நெடுநாளாக ஒரே ஒரு பெயருக்காக அவர் செய்துவந்த மாலை ஜெபத்தில், அன்று இன்னொரு பெயரும் சேர்ந்தது.